ஆயில் கேனில் தொடங்கி 57 காப்புரிமைகள் வரை: யார் இந்த எலைஜா மெக்காய்?

வீட்டில் பழைய தையல் மெஷின் இருந்தால் இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். மெஷின் இறுக்கமாக ஓடுகிறது, சத்தம் வேறு வருகிறது. உடனே அம்மாவோ பாட்டியோ தைப்பதை நிறுத்திவிட்டு, மூக்கு நீண்ட சின்ன எண்ணெய் டப்பாவை எடுப்பார். அங்கங்கே இருக்கும் ஓட்டைகளில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவார். துணி வைக்காமல் கொஞ்ச நேரம் சும்மா ஓட்டிப் பார்ப்பார். அதற்கு அப்புறம்தான் வேலை மறுபடி தொடங்கும்.

இப்போது அந்தத் தையல் மெஷின் இருந்த இடத்தில், பல டன் எடையுள்ள ஒரு நீராவி ரயில் இன்ஜினை வைத்துப் பாருங்கள். பின்னால் பெட்டிகள், பெட்டிகளில் பயணிகள், சரக்கு. எண்ணெய் விட அதையும் நிறுத்த வேண்டுமா? 150 ஆண்டுகளுக்கு முன்பு பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. எண்ணெய் கேனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர், உண்மையில் முறையாகப் பயிற்சி பெற்ற ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர். அவருக்கு இன்ஜினியர் வேலை கிடைக்கவில்லை. காரணம், அவருடைய தோலின் நிறம்.

அவர் பெயர் எலைஜா மெக்காய். அந்த எண்ணெய் கேன் அவரை எங்கே கொண்டு போய்ச் சேர்த்தது என்பதுதான் இந்தக் கதை.

தண்டவாளம் இல்லாத ரயில்பாதை

மெக்காயின் பெற்றோர் ஜார்ஜ், மில்ட்ரெட். இருவரும் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அங்கிருந்து தப்பி, எல்லையைக் கடந்து கனடாவுக்குள் போனார்கள்.

அவர்கள் போன வழிக்கு ஒரு பெயர் உண்டு: அண்டர்கிரவுண்ட் ரயில்ரோடு. பெயரில்தான் ரயில் இருக்கிறது. தண்டவாளமோ சுரங்கமோ எதுவும் கிடையாது. தப்பி வரும் அடிமைகளை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, இரவோடு இரவாக மாற்றி மாற்றி வடக்கே அனுப்பிவைத்த மனிதர்களின் ரகசிய வலைப்பின்னல் அது. ஒளிந்துகொள்ளும் வீட்டை ஸ்டேஷன் என்பார்கள், வழிகாட்டுபவரை கண்டக்டர் என்பார்கள். மாட்டிக்கொள்ளாமல் இருக்க ரயில்வே மொழியிலேயே பேசிக்கொண்டார்கள்.

ஏன் கனடா? அப்போது அது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. பிரிட்டிஷ் பேரரசின் பெரும்பகுதியில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதனால் எல்லையைத் தாண்டினால் விடுதலை.

அங்கே ஒன்டாரியோவின் கோல்செஸ்டர் என்ற ஊரில் 1844-ல் எலைஜா பிறந்தார். 12 குழந்தைகளில் ஒருவர். பிறக்கும்போதே சுதந்திர மனிதர். இந்த ஒரு வரி சாதாரணமாகத் தெரியலாம். ஆனா, இதே குழந்தை கென்டக்கியில் பிறந்திருந்தால் தாயைப் போலவே இன்னொருவரின் சொத்தாகத்தான் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்.

பிறகு குடும்பம் அமெரிக்காவுக்கே திரும்பி, மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலான்டி ஊரில் குடியேறியது. அங்கே அடிமை முறை இல்லை. ஆனா முழுப் பாதுகாப்பும் இல்லை. ஏன்னா, தப்பி வந்தவர்களை எந்த மாநிலத்தில் பார்த்தாலும் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்கிற சட்டம் 1850-ல் வந்துவிட்டது. அந்தச் சூழலிலும் அப்பா ஜார்ஜ் சும்மா இருக்கவில்லை. சுருட்டு வியாபாரம் செய்துகொண்டே, இரண்டு அடுக்குத் தளம் வைத்த வண்டியில் தப்பி வந்தவர்களை மறைத்து அழைத்துப் போனார் என்று இப்சிலான்டியின் வரலாறு சொல்கிறது.

எடின்பரோவில் இன்ஜினியர், மிச்சிகனில் ஃபயர்மேன்

எலைஜாவுக்குச் சின்ன வயதிலேயே மெஷின் என்றால் ஆர்வம். பிரித்துப் பார்ப்பது, திரும்ப மாட்டுவது என்றே பொழுது போகும். ஆனா அன்றைய அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பையனை இன்ஜினியராகப் பயிற்றுவிக்க யார் முன்வருவார்கள்? பெற்றோர் அவரைக் கடல் தாண்டி அனுப்ப முடிவு செய்தார்கள். 15 வயதில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். நீராவி இன்ஜின் தொழில் கொடிகட்டிப் பறந்த நாடு அது. சில ஆண்டுகள் பயிற்சி பெற்று, மெக்கானிக்கல் இன்ஜினியராகத் தகுதி பெற்றார்.

இதற்குள் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்து முடிந்திருந்தது. 1865-ல் அடிமை முறை நாடு முழுவதும் சட்டப்படி ஒழிந்தது. மெக்காய் ஊருக்குத் திரும்பினார். கையில் படிப்பு இருக்கிறது, நாட்டில் ரயில்பாதைகள் வேகமாக நீண்டுகொண்டிருக்கின்றன, இன்ஜினியர்களுக்குத் தேவையும் இருக்கிறது. வேலை கிடைக்க வேண்டியதுதானே?

கிடைக்கவில்லை. சட்டம் மாறியிருந்தது, வேலைக்கு ஆள் எடுப்பவர்களின் மனசு மாறவில்லை. மிச்சிகன் சென்ட்ரல் ரயில்ரோடு நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்தது ஃபயர்மேன் வேலை. ஓடும் இன்ஜினில் நெருப்புப் பெட்டியின் முன்னால் நின்று, டன் கணக்கில் நிலக்கரி அள்ளிப் போட வேண்டும். கூடவே இன்னொரு வேலை: இன்ஜினின் ஓடும் பாகங்களுக்கெல்லாம் எண்ணெய் போட வேண்டும்.

இன்ஜினை வடிவமைக்கத் தெரிந்தவர் கையில் மண்வெட்டியும் ஆயில் கேனும். படித்த படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத வேலையில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் அந்த வலி புரியும். ஒரு வித்தியாசம், மெக்காய்க்கு வேறு கம்பெனி பார்த்து மாறிப் போகும் வழியும் இல்லை. அநேகமாக எல்லாக் கதவுகளிலும் ஒரே பதில்தான்.

எண்ணெய் ஏன் இவ்வளவு முக்கியம்?

இரண்டு இரும்புப் பாகங்கள் ஒன்றோடு ஒன்று உரசினால் சூடு பிறக்கும். பார்வைக்கு வழவழப்பாக இருக்கும் இரும்பின் மேற்பரப்பும் நுணுக்கமாகப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். மேடுகள் ஒன்றையொன்று கீறும், தேயும், சூடேறும், கடைசியில் ஒட்டிக்கொண்டு இறுகிவிடும். பைக்கில் இன்ஜின் ஆயில் இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது என்று மெக்கானிக் சொல்வாரே, அதேதான்.

நடுவில் எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக நின்றால் இரும்பு இரும்பைத் தொடாது. சுற்றும் அச்சு அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதப்பதுபோல ஓடும். ஆனா இந்தப் படலம் நிலையாக நிற்காது. வழிந்து போகும், பிதுங்கி வெளியேறும், சூட்டில் தீய்ந்து போகும். அதனால் ஒரே தடவை மொத்தமாக ஊற்றுவதில் பயன் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

மனிதக் கையால் முடியாத வேலை இதுதான். ஆயில் கேன் வைத்திருப்பவர் வந்து ஊற்றும்போது தேவைக்கு மேல் எண்ணெய், அவர் அடுத்த முறை வருவதற்குள் வறட்சி. ரயில் ஸ்டேஷனில் நிற்கும் ஒவ்வொரு முறையும் இறங்கி ஓடி ஓடி ஊற்றினாலும் இதே நிலைதான்.

சலைன் பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள்

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே பாட்டில் தொங்கும். கீழே கண்ணாடி போன்ற சின்ன அறையில் சொட்டுச் சொட்டாக விழுவது கண்ணுக்குத் தெரியும். குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தை உருட்டி நர்ஸ் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. வேலையைச் செய்வது புவியீர்ப்பு விசை.

மெஷின்களின் பேரிங்குகளுக்கு எண்ணெய் விடும் டிரிப் ஆயிலரும் இதே ஆள்தான். பேரிங்குக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடிக் கோப்பை. அதில் எண்ணெய். அடியில் ஊசிபோன்ற வால்வு. அதைத் திருகி, நிமிஷத்துக்கு இத்தனை சொட்டு என்று வைக்கலாம். சொட்டு விழுவதைப் பார்க்க ஒரு கண்ணாடிச் சாளரம். மேலே இருக்கும் சின்ன லிவரைச் சாய்த்தால் சொட்டு நின்றுவிடும். அவ்வளவுதான்.

குறைகளும் உண்டு. குளிர்காலத்தில் எண்ணெய் கெட்டியாகிச் சொட்டு குறையும். வெயிலில் இளகிக் கூடும். மெஷினை நிறுத்தும்போது லிவரைச் சாய்க்க மறந்தால் எண்ணெய் வீணாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆனாலும் எளிமையும் குறைந்த விலையும் காரணமாக இந்த வகை ஆயிலர்கள் இன்றும் தயாராகின்றன, இன்றும் விற்கின்றன.

சரி, புவியீர்ப்பே இவ்வளவு வேலை செய்யும் என்றால் மெக்காய் எதற்கு மண்டையை உடைத்துக்கொண்டார்?

சிலிண்டருக்குள் ஒரு சிக்கல்

பேரிங் திறந்த இடம். மேலே இருந்து எண்ணெய் விழுந்தால் நேராக உள்ளே போய்விடும். ஆனா நீராவி இன்ஜினின் இதயம் சிலிண்டர். அதற்குள்ளே பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுகிறது. அதற்கும் எண்ணெய் வேண்டும். சிலிண்டருக்குள் இருப்பதோ கடும் அழுத்தத்தில் அடைபட்ட நீராவி. மேலே கோப்பை வைத்து ஓட்டை போட்டால் எண்ணெய் கீழே இறங்காது, நீராவிதான் மேலே பீய்ச்சி அடிக்கும். பிரஷர் குக்கரில் விசில் வந்துகொண்டிருக்கும்போது மேல் துளை வழியாக எண்ணெய் ஊற்ற முடியுமா? அந்த மாதிரி.

அதனால் அன்றைய ஆட்கள் என்ன செய்தார்கள்? இறக்கத்தில் ரயில் தானாக உருளும்போது டிரைவர் நீராவியை அடைப்பார். அழுத்தம் குறையும் அந்தக் கொஞ்ச நேரத்தில், ஓடும் இன்ஜினின் ஓரத்தில் இருக்கும் குறுகலான பலகையில் நடந்து போய், உருக்கிய மாட்டுக் கொழுப்பைச் சிலிண்டரின் கோப்பையில் ஊற்றிவிட்டு வர வேண்டும். மழை, பனி எதுவாக இருந்தாலும் இதேதான். கால் தவறினால் முடிந்தது கதை.

இந்தச் சிக்கலை மெக்காய் தினமும் பக்கத்திலிருந்து பார்த்தார். டிராயிங் போர்டில் உட்கார்ந்திருக்கும் இன்ஜினியருக்கு எண்ணெய் போடுவது ஒரு சின்ன விஷயம், யாரோ ஒரு தொழிலாளி பார்த்துக்கொள்வார். எண்ணெய் போடும் தொழிலாளிக்குச் சிக்கல் தெரியும், இன்ஜின் வடிவமைப்பு தெரியாது. இரண்டும் தெரிந்த ஆள் மெக்காய். அவரைக் கீழே வைப்பதற்காகக் கொடுத்த வேலையே, மற்ற இன்ஜினியர்கள் பார்க்காத இடத்தை அவருக்குக் காட்டியது.

வேலை முடிந்து வந்து, இப்சிலான்டியில் சொந்தமாக வைத்திருந்த பட்டறையில் முயற்சி செய்தார். யோசனை இதுதான்: தடையாக இருக்கும் நீராவி அழுத்தத்தையே வேலைக்கு வைத்தால் என்ன? எண்ணெய்க் கோப்பை, அதன் நடுவே ஒரு தண்டு, தண்டோடு ஒரு வால்வு. நீராவியின் அழுத்தமே வால்வை இயக்கி எண்ணெய்க்கு வழிவிடும். இன்ஜின் ஓடினால் எண்ணெய் போகும். யாரும் இன்ஜினை நிறுத்த வேண்டாம், யாரும் ஓடும் இன்ஜினில் பலகை மேல் நடக்க வேண்டாம்.

1872: ஒரே ஆண்டில் இரண்டு செய்திகள்

1872 ஜூலை 23. நீராவி இன்ஜின்களுக்கான லூப்ரிகேட்டருக்காக மெக்காய்க்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. எண் 129843. அடுத்த மாதமே அதை மேம்படுத்தி இன்னொரு காப்புரிமை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, 14 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1858-ல் அமெரிக்க அரசின் தலைமைச் சட்ட அதிகாரி ஒரு முடிவைச் சொல்லியிருந்தார். அடிமை ஒருவர் எதையாவது கண்டுபிடித்தால் அதற்கு அவருக்கும் காப்புரிமை கிடையாது, அவர் பெயரைச் சொல்லி முதலாளியும் வாங்க முடியாது. காரணம், சட்டத்தின் பார்வையில் அடிமை குடிமகன் இல்லை. மெக்காயின் அப்பா கென்டக்கியிலேயே இருந்து இதே கருவியைச் செய்திருந்தால், சட்டப்படி அதைக் கண்டுபிடித்தவர் என்று யாருமே இல்லை. ஒரே தலைமுறையில் மகன் பெயரில் அரசு முத்திரையோடு காப்புரிமை.

ஆனா அந்த ஆண்டு சந்தோஷத்தை மட்டும் கொண்டுவரவில்லை. 1868-ல் திருமணம் செய்துகொண்ட மனைவி ஆன் எலிசபெத் ஸ்டீவர்ட் 1872-ல் இறந்துபோனார். அடுத்த ஆண்டு மேரி எலனோரா டிலேனியை மணந்தார் மெக்காய். அவர்களின் வாழ்க்கை 50 ஆண்டுகள் நீடித்தது.

லூப்ரிகேட்டர் ரயில் இன்ஜின்களில் ஏறியது, கப்பல் இன்ஜின்களுக்கும் போனது. ஒரு காலத்தில் இன்ஜினியராகச் சேர்க்க மறுத்த ரயில்வே துறையே, இப்போது கருவியைப் பொருத்துவது எப்படி, பயன்படுத்துவது எப்படி என்று அவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டது. 1882-ல் மெக்காய் குடும்பம் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தது.

அவர்தான் முதலா?

இணையத்தில் பல பதிவுகள், தானாக எண்ணெய் விடும் கருவியையே மெக்காய்தான் உலகில் முதலில் கண்டுபிடித்தார் என்று சொல்கின்றன. அது சரியில்லை.

இங்கிலாந்தின் ரயில் இன்ஜினியர் ஜான் ராம்ஸ்பாட்டம் 1860-லேயே ஒரு லூப்ரிகேட்டரை உருவாக்கிவிட்டார். அதன் தத்துவம் ரொம்ப அழகானது. எண்ணெய்க் கோப்பைக்குள் கொஞ்சம் நீராவியை விடுவார். அது குளிர்ந்து தண்ணீராகும். தண்ணீர் கனமானது என்பதால் அடியில் போய்த் தங்கும். எண்ணெய் மேலே தள்ளப்படும். தள்ளப்பட்ட எண்ணெய் வழிந்து, நீராவியோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போகும். மெக்காய் காலத்தில் அமெரிக்காவிலும் வேறு பலர் இதே துறையில் முயன்றுகொண்டிருந்தார்கள்.

அப்படின்னா மெக்காய் செய்தது என்ன? ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டுப் போனவர் இல்லை அவர். 40 ஆண்டுகளுக்கும் மேலாக, இன்ஜின் மாற மாற, லூப்ரிகேட்டரையும் மாற்றிக்கொண்டே வந்தார். மொத்தம் 57 காப்புரிமைகள். பெரும்பாலானவை எண்ணெய் விடும் கருவிகள்தான். நடுநடுவே 1874-ல் ஒரு இஸ்திரி மேஜை, 1891-ல் சொட்டு எண்ணெயைப் பிடிக்கும் டிரிப் கப், 1899-ல் புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர். எந்தத் தொழிலிலும் முதல் ஆளாக இருப்பது ஒரு பெருமை. அரை நூற்றாண்டு அதே சிக்கலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது வேறு வகைப் பெருமை.

கண்டுபிடித்தவர் ஒருவர், உரிமை வேறொருவருக்கு

இங்கே ஒரு கேள்வி வரும். 57 காப்புரிமைகள் இருந்தால் பெரிய பணக்காரராக ஆகியிருக்க வேண்டாமா?

காப்புரிமை என்பது ஒரு தாள். மற்றவர்கள் அதைச் செய்து விற்கக் கூடாது என்று தடுக்கும் உரிமையை அது தருகிறது. ஆனா செய்து விற்பதற்கு பட்டறை வேண்டும், ஆட்கள் வேண்டும், முதல் வேண்டும். மெக்காயிடம் இல்லாதது அதுதான். அதனால் பல காப்புரிமைகளின் உரிமையை, முழுதாகவோ பங்காகவோ, முதலீட்டாளர்களுக்கு எழுதிக் கொடுத்தார். கிடைத்த பணத்தில் அடுத்த கருவியை உருவாக்கினார்.

இன்றைய ஸ்டார்ட்-அப் உலகில் ஐடியா ஒருவருடையது, பங்கு பெரும்பாலும் முதலீட்டாளர் கையில் என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே கணக்கு. காப்புரிமைத் தாளில் கண்டுபிடித்தவர் என்று மெக்காய் பெயர் இருக்கும். லாபம் வேறு கணக்குக்குப் போகும். கடையில் விற்கும் கருவியின் மேல் அவர் பெயர் பெரும்பாலும் இருக்காது.

அவர் யார் என்பதும் வெளியே தெரியாது. ஏன்னா காப்புரிமைத் தாளில் கண்டுபிடித்தவரின் இனத்தைக் குறிப்பிடும் வழக்கம் இல்லை. 1900-ல் பாரிஸ் கண்காட்சி நடந்த சமயத்தில், காப்புரிமை அலுவலகத்திலேயே வேலை பார்த்த ஹென்றி பேக்கர் என்ற கறுப்பின அதிகாரி ஒரு வேலை செய்தார். நாடு முழுவதும் விசாரித்து, கறுப்பினக் கண்டுபிடிப்பாளர்களின் பட்டியலைத் திரட்டினார். கறுப்பினத்தவர் எதையும் கண்டுபிடித்ததில்லை என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பட்டியலில் மெக்காயின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது.

70 வயதைத் தாண்டி ஒரு புதுக் கருவி

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில் இன்ஜின்கள் மாறின. நீராவியை மறுபடி சூடாக்கி, இன்னும் அதிக வெப்பத்தில் சிலிண்டருக்கு அனுப்பும் சூப்பர்ஹீட்டர் முறை வந்தது. நிலக்கரி மிச்சம், வேகமும் அதிகம். ஆனா அந்தச் சூட்டைச் சாதாரண எண்ணெய் தாங்கவில்லை. தீய்ந்து கரியாகப் படிந்தது.

இதற்கு ஒரு வழி கிராஃபைட். பென்சிலின் நடுவில் இருக்கும் அதே கறுப்புப் பொருள்தான். அதன் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று எளிதாக வழுக்கும், அதிகச் சூட்டிலும் தாக்குப்பிடிக்கும். அதைப் பொடியாக்கி எண்ணெயில் கலந்தால் வேலை நடக்கும். ஆனா பொடி எண்ணெயில் கரையாது. போகும் வழியில் தங்கி அடைத்துக்கொள்ளும். அடைக்காமல் அதைச் சிலிண்டர் வரை கொண்டு சேர்ப்பதுதான் சவால்.

1915 ஏப்ரலில் இதற்கான ரயில் இன்ஜின் லூப்ரிகேட்டருக்கு மெக்காய் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு 70 வயது ஆகிவிட்டிருந்தது. தன் கண்டுபிடிப்புகளிலேயே இதைத்தான் அவர் சிறந்ததாகக் கருதினார். 1920-ல் டெட்ராய்ட்டில் எலைஜா மெக்காய் மேனுஃபேக்சரிங் கம்பெனி தொடங்கியது. முதல் காப்புரிமை கிடைத்து 48 ஆண்டுகள் கழித்து, அவருடைய பெயரையே தாங்கி ஒரு நிறுவனம்.

ரியல் மெக்காய்: அந்தக் கதை உண்மையா?

ஆங்கிலத்தில் போலி இல்லாத அசல் சரக்கை ரியல் மெக்காய் என்று சொல்வார்கள். அது இவர் பெயரிலிருந்து வந்ததுதான் என்று ஒரு கதை ரொம்ப பிரபலம். சந்தையில் போலி லூப்ரிகேட்டர்கள் குவிந்தனவாம், ரயில்வே அதிகாரிகள் அசல் மெக்காய் கருவிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்களாம், அப்படியே அது வழக்காகிவிட்டதாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனா ஆதாரம் வலுவாக இல்லை. ஸ்காட்லாந்தில் 1856-லேயே ரியல் மெக்கே என்று கிட்டத்தட்ட இதே வழக்கு எழுத்தில் இருக்கிறது. அப்போது மெக்காய்க்கு 12 வயது. மெக்காய் என்ற உச்சரிப்போடு 1881-ல் கனடாவில் வெளியான ஒரு புத்தகத்தில் வருகிறது. அங்கே லூப்ரிகேட்டர் பற்றிய பேச்சே இல்லை. கிட் மெக்காய் என்ற குத்துச்சண்டை வீரர், மதுவிலக்குக் காலத்தில் சரக்கு கடத்திய பில் மெக்காய் என்று இந்தச் சொல்லுக்கு உரிமை கொண்டாட வேறு ஆட்களும் உண்டு. எலைஜா மெக்காயை இந்தச் சொல்லோடு சேர்த்துப் பரவலாக்கியதில் 1966-ல் வந்த ஒரு விஸ்கி விளம்பரத்துக்கும் பங்கு இருக்கிறது.

ரயில்வேக்காரர்கள் யாருமே அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த சொல், அவர் பெயரோடு பொருந்திப் போயிருக்கலாம். ஆனா அந்தச் சொல்லே அவரிடமிருந்து பிறந்தது என்பதற்குச் சான்று இல்லை.

இந்தக் கதையில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இது மெக்காயை ஒரு சொல்லுக்குச் சொந்தக்காரராக மட்டும் சுருக்கிவிடுகிறது. சொல் போனால் ஆளே இல்லை என்பதுபோல ஆகிவிடுகிறது. ஆனா காப்புரிமை எண்கள் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் தேதியோடு, வரைபடத்தோடு, அவர் பெயரோடு அரசுப் பதிவில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

கடைசி ஆண்டுகள்

கம்பெனி தொடங்கி இரண்டே ஆண்டுகளில், 1922-ல், மெக்காயும் மேரியும் ஒரு கார் விபத்தில் சிக்கினார்கள். அந்தக் காயங்களிலிருந்து மேரி மீளவில்லை. 1923-ல் இறந்தார்.

மேரி டெட்ராய்ட்டில் தனக்கென்று ஒரு பெயர் பெற்றவர். கறுப்பினப் பெண்களின் சங்கங்களை முன்னின்று நடத்தியவர். ஆதரவில்லாத வயதான கறுப்பினப் பெண்களுக்காக உருவான பிலிஸ் வீட்லி இல்லத்தின் பின்னால் இருந்தவர்களில் அவரும் ஒருவர். முதுமையில் யாரும் தனியாக விடப்படக் கூடாது என்று உழைத்த பெண் அவர்.

அவர் போனபின் மெக்காய் தனியானார். விபத்தில் பட்ட அடியும் முழுதாக ஆறவில்லை. உடல் தளர்ந்தது, ரத்த அழுத்தம் ஏறியது, நினைவு தடுமாறியது, கையில் பணமும் கரைந்தது. 1928-ல் டெட்ராய்ட்டுக்கு வெளியே எலோயிஸ் என்ற அரசு பராமரிப்பு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1929 அக்டோபர் 10 அன்று, 85 வயதில், அங்கேயே காலமானார்.

டெட்ராய்ட் மெமோரியல் பார்க் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். கறுப்பினத் தொழில்முனைவோர் சேர்ந்து 1925-ல் தங்கள் மக்களுக்காக உருவாக்கிய இடம் அது.

பெயர்ப் பலகையில் இப்போது

அங்கீகாரம் மெதுவாகத்தான் வந்தது. 2001-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

2012-ல் இன்னொன்று நடந்தது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் தலைநகர்ப் பகுதிக்கு வெளியே தன் முதல் கிளை அலுவலகத்தைத் திறந்தது. தேர்ந்தெடுத்த ஊர் டெட்ராய்ட். வைத்த பெயர் எலைஜா மெக்காய். புதிதாக எதையாவது கண்டுபிடித்தவர்களின் விண்ணப்பங்களை ஆய்வு செய்யும் அதிகாரிகளுக்காகத் திறந்த அலுவலகத்துக்கு அவர் பெயர்.

காப்புரிமைத் தாளில் இன்றும் யாருடைய இனமும் எழுதப்படுவதில்லை. ஆனா அதைப் படித்துப் பார்க்கத் திறந்த அந்த அலுவலகத்துக்கு, கென்டக்கியிலிருந்து தப்பி ஓடிய இரண்டு அடிமைகளின் மகன் பெயரை வைத்தார்கள்.